அப்பாவுக்குப் பவுடர் பூசிய கதை



"குறும்படம் எடுத்திருக்கியாமே, ஹீரோ யாருடா?" என்று இந்த வருஷம் கேன்டீனில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. ஹீரோ என் அப்பாதான். குமாரபாளையத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவின் ஒரு நாள் வேலையை எட்டு நிமிடப் படமாகச் செல்போனில் எடுத்தோம். ஹாஸ்டல் நண்பனின் லேப்டாப்பில் எடிட்டிங். நான்கு பேர், மூன்று ராத்திரி, கணக்கில்லாத டீ!

அந்த மூன்று ராத்திரியில் செய்த தப்பைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பட்டறையில் டியூப் லைட் வெளிச்சம். படம் லேசாகப் பச்சை அடித்தது. செல்போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிக்கொண்டதால் ஒரு ஷாட் நீலம், அடுத்த ஷாட் மஞ்சள். இதைச் சரிசெய்தே ஆகவேண்டும். 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளின் இலவசப் பதிப்பில் உட்கார்ந்து எல்லா ஷாட்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முகம் டல்லா இருக்குடா, கொஞ்சம் ஏத்தி விடு" என்றான் ஒருவன். ஏற்றினேன். "தறிச் சத்தம் காதைக் கிழிக்குது, தூக்கிட்டு மியூசிக் போடு" என்றான் இன்னொருவன். தூக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுக் காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கப்பனுக்குப் பவுடர் அப்பி விட்டீங்களா கண்ணு?" அப்பா சிரிக்கவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஏஞ் சாமி, தறி ஓடுது, சத்தத்தக் காணோம்? சத்தம் இல்லாம நான் எப்படி ஓட்டறது?"

எனக்குச் சுருக்கென்றது. அப்பா ஒரே நேரத்தில் ஆறு தறி பார்க்கிறார். கண் ஒரு தறியில்தான் இருக்க முடியும். மற்ற ஐந்தையும் காதுதான் பார்த்துக்கொள்கிறது. நாடா சிக்கினாலும் சரி, தறி நின்றாலும் சரி, அந்தத் தாளம் மாறுவதை வைத்தே எந்தத் தறி என்று திரும்பாமலே சொல்லுவார். நாங்கள் இரைச்சல் என்று நினைத்து அழித்தது அவருடைய தொழில் அறிவு!

சரி, முகம்? எடிட்டிங் மென்பொருளில் வெக்டர்ஸ்கோப் என்று ஒரு வட்டம் இருக்கிறது. படத்தில் உள்ள நிறங்களைப் புள்ளிகளாகக் காட்டும். அதில் மனிதத் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. கறுப்போ, மாநிறமோ, சிவப்போ, யார் முகமானாலும் சாயல் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழுகிறது. பெரிய வித்தியாசம் வெளிச்ச அளவில்தான். திரும்ப வந்து பார்த்தேன். அப்பாவின் முகம் முதலிலேயே கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. அதில் திருத்த ஒன்றுமே இல்லை. அப்புறம் எதைத் திருத்தினேன்?

உண்மையைச் சொல்கிறேன். முதல் வருஷ அட்மிஷன் பாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'ஜவுளி வியாபாரம்' என்று எழுதியவன் நான். அன்று பேனாவால் செய்ததை இன்று மவுஸால் செய்திருக்கிறேன். அவ்வளவுதான்.

இது என் ஒருவனின் வியாதி என்றும் சொல்ல முடியாது. கலர் பிலிம் காலத்தில், 1950-களிலிருந்து பல வருஷங்கள், பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் இருட்டாய்ப் போனால் குறை முகத்தில்தான் என்று ஆகிவிட்டது. அந்த அட்டையின் காலம் போய்விட்டது. ஆனால் நம் மனசுக்குள் ஒரு அட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதை எப்போது கிழிப்பது?

"சினிமான்னா கொஞ்சம் மெருகு வேணாமாடா?" என்று நண்பர்கள் சண்டைக்கு வந்தார்கள். வேண்டும்தான். கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' (2000) படத்தில், பச்சைப்பசேல் என்றிருந்த மிசிசிப்பியைக் காய்ந்த மஞ்சளாக மாற்றினார் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ். முழுப் படத்துக்கும் கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிய முன்னோடிப் படங்களில் அது ஒன்று. கதை நடப்பது 1930-களில். பஞ்ச காலத்துக்கு அந்த மஞ்சள் தேவைப்பட்டது. நிறத்தை மாற்றும்போது கதை கேட்கிறதா, நம் கூச்சம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் கட்சி இதுதான்.

மறுபடி உட்கார்ந்தோம். முகத்தைப் பழையபடி விட்டோம். பின்னால் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் இறக்கினோம். முகம் தானே எடுத்துக் கொடுத்தது. அடுத்தது சத்தம். இரைச்சல் நீக்கும் வசதியை அளவுக்கு மீறித் திருகியதில் அப்பாவின் பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகியிருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டறைக்கே போய் யாரும் பேசாமல் தறிச் சத்தத்தை மட்டும் இரண்டு நிமிடம் பதிந்து வந்தோம். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். பூஜ்யத்தைத் தாண்டி வெட்டுப்பட்ட சத்தத்தை முழுசாக மீட்க முடியாது. அப்பா பேசும் இடத்தில் தறியைத் தணித்தோம். பேசாத இடத்தில் முழுசாக விட்டோம். இசையை எடுத்தேவிட்டோம்.

நண்பர்களே, நம்மைப் போன்ற பாலிடெக்னிக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். சென்னையில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் 1945-ல் படிப்பாக ஆரம்பமானதே சென்ட்ரல் பாலிடெக்னிக்கில்தான். இன்றைய தரமணி திரைப்படக் கல்லூரிக்கு அதுதான் வேர். இது நம் வீட்டுச் சொத்து! எடுங்கள். உங்கள் அம்மாவை, அப்பாவை, தெருவை எடுங்கள். பச்சை அடித்தால் திருத்துங்கள், கரகரத்தால் திருத்துங்கள். ஆளை மாற்றிவிடாதீர்கள்.

புதுப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் சட்டென்று நிமிர்ந்தார். "அந்தக் கடைசித் தறி நிக்கப் போகுது பாரு" என்றார். நின்றது.

இனி எந்தப் பாரத்திலும் 'விசைத்தறித் தொழிலாளி' என்றுதான் எழுதுவேன்.

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை