பூட்டிய கடைக்குக் கள்ளச்சாவி

ஆன்லைனில் சரக்கு விற்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது: “அக்கவுண்டை முடக்கிட்டானா? அவ்வளவுதான், முடிஞ்சுது. வீட்டுக்காரம்மா பேர்ல புதுசா ஒண்ணு ஓபன் பண்ணிடுங்க.” திருப்பூர் பனியன் வியாபாரிக்கும் கரூர் பெட்ஷீட் வியாபாரிக்கும் கிடைக்கும் ஆலோசனை இதுதான். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால், திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய கணக்குகளை ஒரேயடியாக முடித்துவைப்பது பெரும்பாலும் இந்த ஆலோசனைதான்.

முதலில் அந்த ‘முடிஞ்சுது’. முடக்கத்தில் பல வகை உண்டு. எந்த வகை என்பது வந்த அறிவிப்பிலேயே இருக்கும், நாம்தான் பதற்றத்தில் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். அமேசானை எடுத்துக்கொண்டால், குறைபாடுள்ள ஆர்டர்கள் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அனுப்பும் முன் விற்பவரே ரத்து செய்வது 2.5 சதவீதத்துக்குள், தாமதமாக அனுப்புவது 4 சதவீதத்துக்குள். இவற்றைத் தாண்டியதால் வந்த முடக்கத்துக்குக் காரணம் எண்ணாகவே கண்முன் இருக்கிறது. பிராண்டுக்காரர் புகார் செய்திருந்தால், அவரிடமே பேசிப் புகாரைத் திரும்பப் பெறவைப்பதுதான் நேர்வழி.

நம் ஊரில் அதிகம் தொல்லை தருவது இன்னொரு வகை: ஆவணப் பொருத்தம். தமிழர்களுக்கு இன்ஷியல் என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. வடக்கே வடிவமைத்த படிவத்துக்கு அது புரியாது. பான் கார்டு விண்ணப்பத்தில் இன்ஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் பான் கார்டில் ‘முருகன் கந்தசாமி’. பாஸ்புக்கில் ‘கே. முருகன்’. ஆதாரில் வெறும் ‘முருகன்’. ஜிஎஸ்டி சான்றிதழில் கடையின் பெயர் வேறு. நான்கு காகிதத்தையும் ஒப்பிடும் கணினி, நான்கு ஆட்கள் என்று முடிவு கட்டுகிறது. இதற்கு மோசடி என்று பெயரில்லை. வங்கிக்குப் போய்ப் பெயரைத் திருத்தி, புதிய பாஸ்புக் பக்கத்தை ஏற்றினால் தீரக்கூடிய சிக்கல். இதற்காகவா ஐந்து வருடத்து ரேட்டிங்கைத் தூக்கி எறிவது?

சரி, மனைவி பேரில் புதுக் கணக்கு. ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலத்துக்கு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உங்கள் பான் எண்ணேதான். அதனால் அதே பான் எண்ணில் இன்னொரு பதிவு எடுத்தாலும் ஆள் யாரென்று அந்த எண்ணே சொல்லிவிடும். மனைவியின் பான் வேறுதான். ஆனால் குடோன் முகவரி அதே, இன்டர்நெட் இணைப்பு அதே, செல்போன் அதே, பொருளின் போட்டோவும் அதே. முடங்கிய கணக்கோடு தொடர்புடையது என்று கண்டால் அமேசான் அதையும் முடக்கலாம் என்பது எழுதிவைத்த விதி. அதற்கப்புறம் விளக்க வேண்டியது இரண்டு கணக்கை: பழைய குற்றச்சாட்டோடு, ஏன் மறைத்தாய் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். (மனைவி உண்மையிலேயே தனியாகத் தொழில் செய்கிறார் என்றால் அது வேறு கதை.)

“உள்ளே ஆள் இருக்கு, காசு கொடுத்தால் திறந்துவிடுவான்” என்பவர்களுக்கு ஒரு வழக்கு. 2020 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை ஆறு பேர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. முடங்கிய கணக்குகளையும் பொருள்களையும் மீட்க அமேசான் ஊழியர்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் 1 லட்சம் டாலருக்கு மேல் லஞ்சம் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சிக்கியவர்களில் ஹைதராபாத்தில் விற்பனையாளர் உதவிப் பிரிவில் வேலை பார்த்தவரும் உண்டு. ஒருவருக்குப் பத்து மாதச் சிறை கிடைத்தது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பிறகு, மன்னிப்புக் கடிதம். “எங்கள் குடும்பத்தின் பிழைப்பே இதுதான், தயவுசெய்து...” என்று நாளுக்கு இரண்டு மெயில் அனுப்பினால் மனமிரங்குவார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கேட்கப்படுவதோ மூன்றே விஷயம்: எதனால் நடந்தது, இதுவரை என்ன சரிசெய்தீர்கள், இனி நடக்காமலிருக்க என்ன ஏற்பாடு. டிஷர்ட் அளவு சரியில்லை என்று ரிட்டர்ன் குவிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். “இனி கவனமாக இருப்போம்” என்பது பதிலாகாது. “புது லாட்டில் ‘எல்’ லேபிள் ‘எம்’ அளவுத் துணியில் தைக்கப்பட்டிருந்தது, அந்த லாட்டை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம், இனி ஒவ்வொரு லாட்டிலும் பத்து உருப்படியை டேப் வைத்து அளந்த பிறகே பேக்கிங்” என்பது பதில். ஒரு கடிதம் போதும். ஐந்து கடிதத்தில் ஐந்து காரணம் சொன்னால் ஒன்றையொன்று பொய்யாக்கும்.

உண்மையில் கஷ்டம், ஈரோடு சந்தையில் ரொக்கம் கொடுத்துத் துண்டுச்சீட்டோடு சரக்கு எடுத்தவருக்குத்தான். அசல் சரக்கா என்ற சந்தேகம் வந்தால் அமேசான் பொதுவாகக் கடந்த 365 நாளுக்குள்ளான கொள்முதல் பில்லைக் கேட்கும். இங்கேதான் பலர் கம்ப்யூட்டரில் பில் ‘தயார்’ செய்கிறார்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண் யாருடையது என்பதை அரசு இணையதளத்தில் யாரும் தட்டிப் பார்க்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். போலி பில் பிடிபட்டால் வேறொன்றும் போகும். சாதாரண முடக்கத்தில் நிறுத்திவைத்த பணத்தை, ரிட்டர்ன்களும் புகார்களும் தீரும்வரை, பெரும்பாலும் 90 நாள் வைத்திருந்து விடுவிப்பார்கள். மோசடி என்று முடிவு செய்தால் அதை நிரந்தரமாகவே தராமல் வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. துண்டுச்சீட்டில் சரக்கு எடுத்தவர், மொத்த வியாபாரியிடம் போய் முறையான பில் போட்டுத் தரும்படி கேட்பதைத் தவிர வழியில்லை. அவர் தர மறுத்தால் அந்தப் பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மற்றதையாவது காப்பாற்றலாம்.

தளத்தை நடத்துபவர்கள் எப்போதும் நியாயவான்கள் என்று நான் வாதாடவில்லை. காரணமே சொல்லாமல் கணக்கை மூடும் அதிகாரம் அமேசானுக்கு இருந்தது. விற்பவர்களின் புகார்களை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் போட்டி ஆணையம் விசாரித்த பிறகுதான், 2019 ஜூலையில் அமேசான், சாதாரணமாகக் கணக்கை முடிப்பதென்றால் 30 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தருவதாக ஒப்புக்கொண்டது. 2020 ஜூலை 12 முதல், கணக்கை முடக்கினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம். அதே மாதம் இந்தியாவிலும் மின்வணிக விதிகள் வந்தன: புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஆனால் அந்தக் கெடு வாங்குபவரின் புகாருக்குத்தான். விற்பவரின் முறையீட்டுக்கும் அதே ஒரு மாதத்தை நுகர்வோர் விவகாரத் துறை எழுதிச் சேர்க்க வேண்டும்.