தங்கம் தந்த கபடி: பிள்ளைகள் ஆட இடம் எங்கே?

2025 அக்டோபரில் பக்ரைன் நாட்டில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் கபடியில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி கார்த்திகா, தென்சென்னை ஓரத்தில் உள்ள கண்ணகி நகர்ப் பெண்.

நகரத்துக் குடிசைப் பகுதிகளில் இருந்து மாற்றப்பட்ட ஏழைகள் வாழும் ஊர் அது.

கபடிக்கு மட்டை வேண்டாம், பந்தும் வேண்டாம். பெண்கள் ஆட 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் போதும். செலவு குறைவு, பலனோ அதிகம். ஓடுவதால் காலுக்கு வலு. பாடிக்கொண்டே ஏறுவதால் மூச்சுக்குப் பயிற்சி.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற உழைப்பு வேண்டும். ஆனால் உலகில் பருவ வயதுப் பிள்ளைகள் 100 பேரில் சுமார் 80 பேர் அந்த அளவுக்கு ஆடுவதில்லை!

காரணம் சோம்பல் மட்டுமா? தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. சுற்றுவட்டாரத்தில் வீடுகள் பெருகின. பிள்ளைகள் பந்து ஆடிய காலி மனைகள் குறைந்தன. தெருவில் இறங்கினால் வாகனம். வீட்டில் இருந்தால் செல்போன்.

பிள்ளைகளைத் திட்டிப் பயன் இல்லை. பள்ளி மைதானங்களை மாலையிலும் விடுமுறையிலும் திறந்து விடலாம். பூங்காவில் ஒரு மூலையைக் கபடிக்கு ஒதுக்கலாம். பெண் பிள்ளைகளையும் ஆட அனுப்பலாம். பெற்றோரும் கூடச் சேர்ந்து கயிறு தாண்டலாம், பந்து எறியலாம்.

பதக்கம் சிலருக்குத்தான் கிடைக்கும். ஆரோக்கியம் ஆடும் எல்லோருக்கும் உண்டு. அதற்கு முதலில் இடம் வேண்டும்!