பாணர் பாண் போட்டவரா?

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலே சிறுபாணாற்றுப்படை கற்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, பாணர் என்போர் பாண் போட்டவர்களா?" என்று வினவினான். வகுப்புக் கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அவன் தந்தையார் பேக்கரியிலே பாண் போடுபவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவ்வாண்டு முழுவதும் அவன் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

அக்கேள்வியில் நகைப்பதற்கு என்ன இருந்தது? எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. அன்று கூறியிருக்க வேண்டிய விடையை இன்று கூறுகின்றேன்.

பாட்டைக் குறிக்கும் பாண் என்பது பழந்தமிழ்ச் சொல். பாணன், பாணர் என அதற்குச் சங்க நூல்களிலே சுற்றம் உண்டு. அப்பாணர் மீட்டிய யாழை ஆராய்ந்தே, நம் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் யாழ்நூல் இயற்றினார். 1947இல் அது அரங்கேறியது.

நாம் உண்ணும் பாணோ கடல் கடந்து வந்தது. போர்த்துக்கேய மொழியிலே மூக்கொலியுடன் முடியும் ஒரு சொல், நம் நாவிற் பாண் ஆயிற்று. சிங்களத்திலும் அச்சொல்லே வழங்குகின்றது. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறிற்று, சொல் தங்கிவிட்டது.

அம்மாணவன் அமர்ந்திருந்த வாங்கும் அத்தகையதே. 'புத்தகம் வாங்கு' என்பதிலுள்ள வாங்கு தமிழ். அமரும் வாங்கு போர்த்துக்கேயம். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த பாதிரி ஒரு மரம். தேவாலயத்துப் பாதிரியார் போர்த்துக்கேயச் சொல்லால் அப்பெயர் பெற்றவர். மணி பிடியாத பயிரும் சாவி. நாம் திறப்பு என்பதைத் தமிழகத்தார் வழங்குவதும் சாவி. முன்னது தமிழ், பின்னது போர்த்துக்கேயம். பிற நாடுகளிலும் இவ்வாறே. 'ஒன்' என்றால் துருக்கியர்க்குப் பத்து. போலந்து நாட்டார்க்கு 'அவன்'. எழுத்து ஒன்றேயாயினும் உறவு சிறிதும் இல்லை.

ஆதலின், ஒலியொப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. சொல்லின் பழைய ஆட்சி யாது, அதன் சுற்றம் யாது, அது வந்த வழி யாது என மூன்றையும் வினவுதல் வேண்டும். இரண்டொரு சொற்கள் ஒத்திருக்கக் கண்டதும் உலக மொழிகளெல்லாம் தமிழின் பிள்ளைகளே என்று களிப்பார் உளர். அவர் செய்யும் பிழையும் அன்று நான் செய்த பிழையும் ஒன்றே: ஆராயாமை. அவர் ஆராயாது மகிழ்கின்றார். நான் ஆராயாது நகைத்தேன்.

மாணவர்களே, ஐயம் எழுந்தால் அஞ்சாது கேளுங்கள். பாண் போடுபவரின் மகன் அன்று கேட்டது நல்ல கேள்வி.