வயது ஒரு நோயா?

வாயில்லாப் பிராணிகளை வளர்ப்பது நல்ல உள்ளத்தின் அடையாளம் என்பர். ஆனால் இடமும் தீனியும் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமா? நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும் என்பதை இன்று சிற்றூர் மக்களும் அறிவர். முயலுக்கும் மருத்துவம் உண்டு என்றால் சிரிப்பவர்களே மிகுதி. அதிலும், ஐந்து வயதைக் கடந்த பெண் முயலுக்குக் கருப்பையையும் சூலகத்தையும் நீக்கும் கருத்தடை அறுவை செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள். "கிழட்டு முயலை ஏன் வதைக்கிறீர்கள்? இருக்கிற வரை இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்ற பதில் உடனே வரும். இரக்கம் போல் ஒலிக்கும் இப்பதில் சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலங்கியல் பயிலும் நண்பர்கள் முயலின் இனப்பெருக்க மண்டலத்தைப் படத்தில் வரைந்திருப்பார்கள். அதற்குக் கருப்பை இரண்டு; கருப்பை வாயும் இரண்டு. காட்டு முயலின் வாழ்நாள் குறுகியது. கருவுறுவதும் ஈனுவதுமாகவே அது கழிந்துவிடும். வீட்டு முயலோ, நல்ல பராமரிப்பில் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழக்கூடும். இந்த நீண்ட வாழ்நாளில்தான் கருப்பைப் புற்று தலைகாட்டுகிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரிலிருந்த ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஹாரி கிரீன் என்ற அறிஞர் முயல்களின் கருப்பைக் கட்டிகளை ஆராய்ந்து 1938ஆம் ஆண்டு முதல் கட்டுரைகள் வெளியிட்டார். நான்கு வயதைத் தாண்டிய பெண் முயல்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இப்புற்று காணப்பட்ட ஆய்வுக்கூட மந்தைகளும் உண்டு. இனத்துக்கு இனம் இந்த அளவு மாறும். எல்லா வீட்டு முயல்களுக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பதில் ஐயமில்லை.

இப்புற்று மெதுவாக வளரும். பல மாதங்கள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு சிறுநீரில் இரத்தம் கலந்து வரும். முயலுக்கு மாதவிலக்கு கிடையாது. ஆகவே இரத்தம் கண்டால் "அது இயல்புதான்" என்று விட்டுவிடக் கூடாது. அதே வேளையில், சில தழைகளைத் தின்ற முயலின் சிறுநீர் இரத்தமில்லாமலே சிவந்திருப்பதும் உண்டு. எது என்பதைச் சிறுநீர்ச் சோதனை சொல்லிவிடும். கவனியாது விட்டால் புற்று நுரையீரலுக்குப் பரவும். அதன் பின் அறுவை செய்து பயனில்லை.

அறுவையில் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்று, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ 600க்கு ஒன்றும், பூனைகளில் 400க்கு ஒன்றும், முயல்களில் 72க்கு ஒன்றும் இறந்ததாகக் கூறுகிறது. இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே!" என்று எதிர்த்தரப்பினர் எழுவர். சற்றுப் பொறுங்கள். அதே ஆய்வில், உடல்நலத்தோடிருந்த முயல்களில் இறந்தது 137க்கு ஒன்று. நோயுற்றவற்றில் 14க்கு ஒன்று. மற்றொன்றையும் காணுங்கள். இறந்த முயல்களில் பாதிக்கு மேற்பட்டவை அறுவை மேசையில் இறக்கவில்லை. அறுவை முடிந்த பிறகே இறந்தன.

இவ்வெண்கள் உணர்த்தும் பாடங்கள் இரண்டு. நோய் முற்றும் வரை காத்திருப்பது ஆபத்தைப் பத்து மடங்காக்கும் என்பது ஒன்று. முயலைக் காப்பதில் மருத்துவரின் கத்தியைப் போலவே அதன் பின்வரும் பராமரிப்புக்கும் பெரும் பங்கு உண்டு என்பது மற்றொன்று. முயலின் வயதை மட்டும் கேட்டு முடிவு சொல்வோர் இவ்விரண்டையும் மறந்துவிடுகின்றனர்.

அப்படியானால் முதிர்ந்த முயலுக்கு என்ன செய்யவேண்டும்? முதலில் முழுமையான பரிசோதனை. எடை, பற்கள், இதயத் துடிப்பு ஆகியவற்றோடு, சிறுநீரகமும் ஈரலும் செயல்படும் விதத்தை அறிய இரத்தச் சோதனை வேண்டும். மார்பு எக்ஸ்ரே மிக மிக அவசியம். நுரையீரலில் புற்று பரவியிருந்தால் அதில் தெரிய வாய்ப்புண்டு. உடல் பருத்த முயலாயின், அவசரமில்லாதபோது எடையைச் சிறிது சிறிதாகக் குறைத்த பின் அறுவை செய்வது நலம். ஏனெனில் கருப்பையைத் தாங்கும் சவ்வில் கொழுப்பு மண்டிக்கிடந்தால் இரத்தக் குழாய்களைக் கட்டுவது கடினம்.

அடுத்து அறுவை நாள். நாயையும் பூனையையும் முன்னிரவிலிருந்தே பட்டினி போடுவது வழக்கம். அவ்வழக்கத்தை முயலுக்குக் கையாள்வது பெருந்தவறு. முயலால் வாந்தி எடுக்க இயலாது. பட்டினி கிடந்தால் அதன் குடல் இயக்கம் நின்றுபோகும். அறுவைக்குச் சற்று முன்பு வரை அது தின்னலாம். மேலும், பல முயல்களின் உடலில் அட்ரோபின் மருந்தை விரைவாகச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அவற்றுக்கு வேறு மருந்து வேண்டும். முயலின் மார்புக்கூடு சிறியது, தொண்டை குறுகியது. மூச்சுக்குழாயில் குழல் செலுத்தத் தனிப் பயிற்சி தேவை. ஆகவே, "முயல்களுக்கு இவ்வறுவை செய்து பழக்கம் உண்டா, ஐயா?" என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்பது நம் உரிமை. நல்ல மருத்துவர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

இனி வீட்டார் பங்கு. மயக்கம் தெளிந்த முயலுக்குக் கதகதப்பு வேண்டும்; துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைக்கலாம். வலி நீக்கும் மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை தரவேண்டும். வலியுள்ள முயல் தின்னாது. தின்னாத முயல் பிழைக்காது. அருகம்புல், கொத்தமல்லித் தழை என்று அது விரும்புவதைக் கொடுத்து, புழுக்கை போடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வீடு வந்த பிறகும் தின்ன மறுத்தால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரை நாடவேண்டும். அவர் காட்டிக்கொடுத்தபடி, ஊசி நீக்கிய சிரிஞ்சால் குழைத்த தீவனத்தைச் சிறிது சிறிதாக ஊட்டலாம். வீட்டில் மீந்த மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழி சென்றால் முயலின் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்து, உயிரையே பறித்துவிடும்.

எல்லா முதிய முயலுக்கும் அறுவை செய்தே தீரவேண்டும் என்று நான் வாதிடவில்லை. சிறுநீரகம் கெட்டதற்கும், புற்று நுரையீரலில் படர்ந்ததற்கும் வலியின்றி வைத்துக் காப்பதே உத்தமம். ஆனால் அந்த முடிவும் பரிசோதனைக்குப் பின் வரவேண்டும். "முயலின் விலை சில நூறு ரூபாய், அறுவைக்கோ ஆயிரங்கள்!" என்பர் சிலர். வசதியில்லாதவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களும் முயலை மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கலாம். ஆனால் வசதி இருந்தும் சந்தை விலையைக் கொண்டு உயிரை மதிப்பிடுவோருக்கு என்ன பதில் சொல்வது? கூண்டில் அடைத்து, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பறித்தவர்கள் நாம். அந்தக் கடனுக்கு விலைச்சீட்டு கிடையாது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர் கதை நாம் அறிந்ததே. "வயதாகிவிட்டது, விட்டுவிடு" என்பதும் அத்தகைய பிடிவாதந்தான். நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வயதான பெண் முயல் இருந்தால், அதன் வயதை எண்ணிக் கையை விரிக்காதீர்கள். இந்த விடுமுறையிலேயே ஒரு கால்நடை மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். அறுவை வேண்டுமா, வேண்டாமா என்பதை அதன் உடல்நிலை சொல்லட்டும்.