திரையில் தெரியும் முகம்

இணையத்தில் அறிமுகமானவர் மீது ஐயம் எழுந்தால், காணொளி அழைப்பில் முகத்தைக் காட்டுமாறு கேட்பதே அண்மைக்காலம் வரை போதிய பரிசோதனையாகக் கருதப்பட்டது. செயற்கை நுண்ணறிவு அதனையும் பயனற்றதாக்கியுள்ளது.

2024 ஒக்டோபரில் ஹொங்கொங் பொலிஸார் 27 பேரைக் கைது செய்தனர். கைத்தொழிற் கட்டடம் ஒன்றிலிருந்து இயங்கிய இக்குழு, கணினியால் உருவாக்கப்பட்ட பெண்களின் படங்களைக் காட்டிப் பல நாட்டு ஆண்களுடன் காதல் வளர்த்தது. காணொளி அழைப்பை வற்புறுத்தியவர்களுக்கும், முகத்தையும் குரலையும் மாற்றும் தொழில்நுட்பத்தின் துணையுடன் அழகிய பெண்ணொருத்தி தோன்றினாள். அதன் பின்னரே போலியான கிரிப்டோ நாணய முதலீட்டுக்கு அழைப்பு வந்தது. பறிபோனது சுமார் 4 கோடி 60 இலட்சம் அமெரிக்க டொலர்.

இத்தொழில் எமக்கு அந்நியமானதன்று. கணினித்துறை வேலை என நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள், மியன்மாரின் மியாவடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, இணைய மோசடிகளில் ஈடுபடுமாறு சித்திரவதை செய்யப்பட்டனர். அவர்களுட் சிலர் 2024 இல் மீட்கப்பட்டனர். ஏமாற்றியவரும் அடிமையாக இருந்திருக்கலாம் என்பது இக்குற்றத்தின் கொடூரம்.

வெளிநாட்டு மாப்பிள்ளையைத் திரையில் கண்டே சம்மதம் கூறும் குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். சீதனமும் நகையும் கைமாறுமுன், அந்நாட்டிலுள்ள உறவினர் ஒருவரேனும் அவரை நேரிற் சந்திப்பது அவசியமாகும். (தரகரின் உத்தரவாதத்தை நாம் இங்கு கணக்கிற் கொள்ளவில்லை.)

ஏமாந்த பெண்ணோ ஆணோ ஊர் சிரிக்குமே என்று மௌனம் காப்பதே மோசடிக்காரரின் பலம். வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கிருந்தும் தமிழிலேயே, பெயர் வெளிவராமல் முறையிடுவதற்கான ஏற்பாட்டைப் பொலிஸ் திணைக்களம் உறுதிப்படுத்த வேண்டும்.