ஒரே ஆள், ஒரே கிட்டார்... கேட்பதோ ஒரு கூட்டமே வாசிப்பதுபோல!

ஹெட்போனில் பாட்டு கேட்கும்போது இடது காதில் ஒரு கிட்டார், வலது காதில் இன்னொரு கிட்டார், நடுவில் மெலிதாக மூன்றாவது ஒன்று ஒலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். பல நேரங்களில் மூன்றையும் வாசித்தவர் ஒருவர்தான். முதலில் வாசித்ததைப் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததை வாசிப்பார். இதற்குப் பெயர் 'ஓவர்டப்பிங்'.

கார் ஷெட்டில் நடந்த அதிசயம்

அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் இதில் முன்னோடி. ஹாலிவுட்டில் தன் வீட்டு கார் ஷெட்டையே ஸ்டூடியோவாக்கி, இசைத்தட்டுகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். 1948-ல் வெளியான அவருடைய 'லவர்' இசைத்தட்டில் ஒலிக்கும் எட்டு கிட்டார்களும் அவர் வாசித்தவையே. பிறகு டேப்புக்கு மாறினார். அதில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். கடைசி அடுக்கில் விரல் தடுமாறினால், அதுவரை வாசித்த அத்தனையும் போச்சு!

இன்று கம்ப்யூட்டரில் ஒவ்வோர் அடுக்கும் தனி டிராக். பிசகிய இடத்தை மட்டும் திரும்ப வாசித்தால் போதும்.

என்ன வேண்டும்?

கிட்டாரைக் கம்ப்யூட்டருடன் இணைக்க ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், வயர் உள்ள ஹெட்போன், ஒரு ரெக்கார்டிங் மென்பொருள். 'ஆடாசிட்டி' இலவசம். மேக் வைத்திருப்பவர்களுக்கு 'கராஜ்பேண்ட்' இலவசம். ப்ளூடூத் ஹெட்போன் இதற்கு ஆகாது. ஒலி தாமதமாகக் காதுக்கு வருவதால் தாளம் தப்பும்.

சாதாரண மரக் கிட்டார் என்றால் மைக் தேவை. அதை ஒலித்துளைக்கு நேராக வைத்தால் 'பூம்' என்று இரையும். 12-வது ஃப்ரெட்டுக்கு எதிரே சுமார் ஓர் அடி தள்ளி வையுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள்.

காப்பி பேஸ்ட் வேண்டாம்!

புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் சறுக்கும் இடம் இது. ஒருமுறை வாசித்ததை நகலெடுத்து இடது, வலது என வைத்தால் இரண்டு கிட்டார் கேட்காது. அதே ஒலி நடுவில் நின்று சத்தம் மட்டும் கூடும். அதே பகுதியை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். இரண்டு வாசிப்புக்கும் இடையே இயல்பாக வரும் நூலிழை வித்தியாசம்தான் ஒலியை விரித்துக் காட்டுகிறது.

மூன்றாவது அடுக்குக்குக் கேப்போ உதவும். முதலில் ஜி கார்டு வாசித்த இடத்தில், 5-வது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி டி வடிவத்தைப் பிடியுங்கள். அதே ஜி கார்டு, மேல் ஸ்தாயியில் மின்னும்.

முதல் அடுக்கு முக்கியம்

மெட்ரோனோம் இல்லாமல் வாசித்த முதல் டிராக் தாளத்தில் ஆடினால், பின்னால் வருகிற எல்லாமும் சேர்ந்து ஆடும். எத்தனை எஃபெக்ட் போட்டாலும் அது மறையாது. ஒவ்வோர் அடுக்குக்கு முன்பும் சுருதி சரிபாருங்கள். ஒரு டிராக்கில் காதுக்குப் பிடிபடாத சுருதிப் பிசகு, நான்கு சேர்ந்தால் உறுத்தும்.

முதல் முயற்சிக்கு ஒரு நிமிட இசை, மூன்று அடுக்குகள் போதும். முடித்ததும் ஒவ்வொரு டிராக்காக மியூட் செய்து கேளுங்கள். எதை நிறுத்தியும் வித்தியாசம் தெரியவில்லையோ, அந்த டிராக் தேவையில்லை; தயங்காமல் நீக்கிவிடுங்கள்!