மாயாவிக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்

சேலம் அம்மாபேட்டையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் லூயிஸ் கிராண்டேல் யாரென்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். இரும்புக்கை மாயாவி என்று சொன்னால் போதும். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைவதையும் எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதப்பதையும் அவரே எடுத்துச் சொல்வார். தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் சலூன் பெஞ்சிலும் வாடகை நூலகத்திலும் பழைய புத்தகக் கடையிலும் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த கதைகள் அவை. ‘பாம்புத் தீவு’ உசத்தியா, ‘நாச அலைகள்’ உசத்தியா என்ற வாதம் அந்தத் தலைமுறையிடம் இன்றும் ஓயவில்லை.

பேரன் எடுத்தவர்கள் படக்கதைக்கு மதிப்பெண் போடுகிறார்களே என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க வேண்டியதில்லை. வெகுஜனக் கலையைப் பல்கலைக்கழகமும் இலக்கிய இதழும் திரும்பிப் பார்க்காத காலங்களில் அதன் வரலாற்றை எழுதி வைத்தவர் ரசிகர்தான். இவ்வளவு பெரிய வேலை அவர் தலையில் விழுந்திருப்பதால், அதைப் பாசத்தை மட்டும் நம்பி அவர் செய்யவும் கூடாது.

மாயாவியின் பிறப்பிடம் பிரிட்டன். 1962 அக்டோபர் 6 அன்று வெளிவந்த ‘வேலியண்ட்’ வார இதழின் முதல் இதழிலேயே ‘தி ஸ்டீல் க்ளா’ தொடங்கியது. வாரம் சில பக்கங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு திகில் முடிச்சோடு நிற்கும் அறிவியல் தொடர். தொடக்கக் கதைகளை அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மரும், பின்னர் டாம் டல்லியும் எழுதினார்கள். படம் வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பத்தாண்டுகள் கழித்து, 1972-ல், சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக மாயாவி தமிழ் பேசினார். 1984-ல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு வந்த லயன் காமிக்ஸ் ஸ்பைடரையும் இயந்திர மனிதன் ஆர்ச்சியையும் சேர்த்துக்கொண்டது. அவர்களும் பிரிட்டன் வார இதழ்களிலிருந்து வந்தவர்களே.

இவற்றைப் படித்த சேலத்துச் சிறுவனுக்கு எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று தெரிய வழியில்லை. லண்டனில் படித்த சிறுவனுக்கும் அதே நிலைதான். அக்கால பிரிட்டன் வார இதழ்கள் படைப்பாளிகளின் பெயரை அச்சிடும் வழக்கம் வைத்திருக்கவில்லை. ஸ்பைடர் கதைகளைப் பெருமளவில் எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது எத்தனை பெரிய செய்தி! அப்படிப்பட்ட பெயர்களையெல்லாம் பின்னாளில் தேடி எடுத்தவர்கள் ஸ்டீவ் ஹாலண்ட் போன்ற ஆய்வாளர்களும், பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்த ரசிகர்களும்தான். கோட்டின் சாயலைப் பார்த்தே ஓவியரைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்கள் பக்கங்களில் ஊறிப் போயிருந்தார்கள்.

ரசிகர்களின் கைவரிசைக்கு இதைவிடப் பெரிய சான்று ‘டாக்டர் ஹூ’. 1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொடங்கிய இந்த அறிவியல் தொடரின் முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன். காலத்தில் முன்னும் பின்னும் பயணிக்கும் ஒரு வேற்றுலகவாசியின் கதை. அறுபதாண்டு கழிந்தும் பேசப்படும் அந்தத் தொடரைத் தயாரித்த நிறுவனமே ஒரு கட்டத்தில் குப்பையாக நினைத்தது. 1960-களின் இறுதியிலிருந்து சுமார் பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் நாடாக்களை அழித்தும் பிரதிகளைத் தூக்கி எறிந்தும் தீர்த்தார்கள். ஒளிநாடா விலை அதிகம், அடுக்கி வைக்க இடமில்லை, மறு ஒளிபரப்புக்கு ஒப்பந்தச் சிக்கல் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அழிந்துபோன அத்தனை அத்தியாயங்களின் ஒலியும் இன்றைக்கு இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்த விடலைப் பையன்களின் புண்ணியம் அது. நிறுவனம் தொலைத்ததை ரசிகர் வீட்டு அலமாரி காப்பாற்றியது.

இந்தக் கதையில் ரசிகர்களைச் சங்கடப்படுத்தும் பாதியும் உண்டு. கண்ணால் பார்க்க முடியாத அத்தியாயங்களுக்கும் அவர்கள் தரவரிசை போட்டார்கள். ‘டூம் ஆஃப் த சைபர்மென்’ காணாமல் போயிருந்த காலத்தில் அதற்கு ஒரு காவியத்தின் புகழ் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து அது திரும்பி வந்தபோது, நல்ல கதைதான், ஆனாலும் சொன்ன அளவுக்கு இல்லையே என்று முணுமுணுத்தவர்கள் பலர். ‘தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்’ கதைக்கு நேர்மாறான விதி. ஆறு அத்தியாயங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்ததால், அதை வைத்து முழுக் கதையையும் சுமார் ரகம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் மற்ற அத்தியாயங்கள் கிடைத்த செய்தி 2013 அக்டோபரில் வெளியானது. நாயகனாகவும் வில்லனாகவும் பேட்ரிக் டிரவுட்டன் போட்ட இரட்டை வேடத்தை முழுதாகப் பார்த்த பிறகு, ரசிகர்கள் தங்கள் பழைய தீர்ப்பை அடித்துத் திருத்தினார்கள். பத்திரிகைகள் நடத்திய வாக்கெடுப்புகளில் அந்தக் கதை மளமளவென்று மேலே ஏறியது.

தீர்ப்பைத் திருத்த அவர்களுக்கு வாய்த்தது அத்தியாயம் கையில் கிடைத்ததால்தான். தமிழ் காமிக்ஸ் ரசிகர் இங்கேதான் தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். மாயாவி கதைகள் மறுபதிப்பாகக் கையில் இருக்கின்றன. அவற்றுக்கு எழுதப்படும் விமர்சனங்களில் பாதிக்கு மேல் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. எந்தக் கடையில் வாங்கினோம், அப்பாவிடம் எப்படி அடி வாங்கினோம், பள்ளிப் பாடநூலுக்குள் எப்படி ஒளித்தோம் என்றே ஓடி, மாயாவிக்கு நிகர் மாயாவிதான் என்று முடிந்துவிடும். அதில் மதிப்பெண் மாயாவிக்கு விழவில்லை. தன் பத்து வயதுக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது.

பக்கத்தைத் திறந்து படித்தால் பேச எவ்வளவோ இருக்கிறது. முதல் கதையில் மாயாவி நல்லவரே இல்லை. பேராசிரியர் பேரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளரான கிராண்டேல், ஏற்கெனவே ஒரு விபத்தில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். ஆய்வுக்கூட வெடிவிபத்துக்குப் பின் மறையும் சக்தி கிடைத்ததும் அவர் இறங்குவது திருட்டிலும் மிரட்டலிலும். நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஆளாக மாறி உலகைக் காப்பதெல்லாம் பிறகு வந்தது. தமிழ் வாசகர் நினைவில் தங்கியிருப்பவர் அந்தப் பிற்கால உத்தமர்தான். கெட்டவனை நாயகனாக வைத்து 1962-ல் சிறுவர் இதழில் தொடர் நடத்திய துணிச்சலைப் பற்றித் தமிழில் எத்தனை விமர்சனங்கள் எழுதப்பட்டிருக்கின்றன?

இன்னொன்று. எச்.ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய ‘தி இன்விசிபிள் மேன்’ நாவலில் மறையும் மனிதன் ஆடை உடுத்தினால் ஆடை தெரியும். அதனால் குளிரில் அம்மணமாக அலைந்து படாத பாடு படுகிறான். மாயாவிக்கு அந்தத் தொல்லை இல்லை. கோட்டும் சட்டையும் சேர்ந்தே மறைய, எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. ஏன் என்று கேட்டால் அறிவியல் விடை கிடையாது. ஓவிய விடை உண்டு. பிளாஸ்கோவுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் கண் பிடித்து நிறுத்த ஒரு பொருள் தேவை. ஆளே இல்லாத அறையில், கனத்த கறுப்பு நிழல்களுக்கு நடுவே தொங்கும் அந்தக் கைதான் கதையின் பயம், அழகு எல்லாம். மறைந்த உடல் சிறிது நேரத்தில் தெரியத் தொடங்கிவிடும், மீண்டும் மின்சாரம் பாய்ந்தாக வேண்டும் என்ற விதியில்தான் விறுவிறுப்பு. பிற்காலக் கதைகளில் விரலில் துப்பாக்கி, உடம்பில் விசேஷ உடை என்று சேரச் சேர அந்த விறுவிறுப்பு நீர்த்துப் போகிறது. இப்படிச் சொன்னால் மாயாவியின் பெருமை குறைந்துவிடாது. எது அவரைத் தூக்கி நிறுத்தியது என்று அப்போதுதான் புலப்படும்.

பழைய பாசத்தை ஏன் நோண்ட வேண்டும், யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. இந்தக் காமிக்ஸ்கள் சந்தாவையும் புத்தகத் திருவிழாக்களையும் நம்பி ஓடுகின்றன. 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ இதழோடு லயன் மீண்டு வந்த பிறகு பிரெஞ்சு, இத்தாலி மொழிகளின் புதிய கதைத் தொடர்கள் ஏராளமாகத் தமிழுக்கு வந்திருக்கின்றன. அடுத்து எதை அச்சிடுவது என்பதில் வாசகர் கடிதத்துக்குச் சிவகாசியில் எப்போதும் எடை உண்டு. ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஆசிரியரும் வாசகர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். சேலத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவுதான். அப்படிப்பட்ட இடத்தில் நினைவு மட்டும் உரக்கப் பேசினால் பழையது திரும்பத் திரும்ப அச்சாகும், புதியது காத்திருக்கும். மறுபக்கம், பிடிக்காத கதை ஒன்று வந்துவிட்டால் காரணமே சொல்லாமல் மொக்கை என்று ஒரே சொல்லில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

காரணத்தோடு கடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் டாக்டர் ஹூவில் எடுத்துக்காட்டு உண்டு. 1986-ல் பிபிசியின் ‘ஓப்பன் ஏர்’ நிகழ்ச்சியில் பதினாறு வயது ரசிகர் ஒருவர், அந்த ஆண்டின் கதை எழுத்தாளர்கள் முன்னிலையிலேயே அவர்கள் எழுத்தைக் குறை சொன்னார். பெயர் கிறிஸ் சிப்னால். 2018-ல் வெளிவந்த பருவத்திலிருந்து 2022 வரை அந்தத் தொடரின் தலைமை எழுத்தாளராக இருந்தவரே அவர்தான். அடுத்த தலைமுறை ரசிகர்கள் அவரையும் விட்டுவைக்கவில்லை. 1974-ல் பதினைந்து வயதில் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழுக்குத் தொடரைப் பற்றிக் கடிதம் எழுதிய பீட்டர் கபால்டி, பின்னாளில் டாக்டர் வேடத்தையே ஏற்றார். நேசிப்பதைக் கண்டிக்கவும் அந்த ரசிகர்கள் பழகியிருக்கிறார்கள். 1977-ல் வந்த ‘தி டாலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்’ கதையை உச்சத்தில் வைத்துக் கொண்டாடும்போதே, சீனர் வேடத்தில் வெள்ளை நடிகரை நடிக்க வைத்ததைச் சுட்டிக்காட்டுவதும் அவர்களே.

காப்பாற்றும் பொறுப்பு எவ்வளவு அவசரமானது என்பதைச் சேலத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கக் கூட்டுறவில் 1952-ல் ‘தி ஜங்கிள்’ எடுத்த நிறுவனம். பனியுகத்து மாமூத் யானைகளைத் திரையில் ஓடவிட்ட படம், தமிழில் ‘காடு’. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-ல் தயாரானதும் அங்கேதான். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. மிஞ்சியவை சில புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமும். படம் பார்த்துவிட்டு வந்து நான்கு பக்கம் எழுதி வைத்த ரசிகர் குறிப்பு ஒன்று கிடைத்தால் இன்றைய ஆய்வாளர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் இன்று சென்னையில் உலக ஆய்வாளர்கள் தேடிவரும் நூலகமாக நிற்கின்றன.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. மறுபதிப்பு போடும் பதிப்பகம் ஒவ்வொரு கதைக்கும் மூல எழுத்தாளர், ஓவியர், முதலில் வெளிவந்த இதழ், ஆண்டு ஆகியவற்றை முதல் பக்கத்தில் தர வேண்டும். வாசகர் விமர்சனத்துக்குக் கடைசியில் நான்கு பக்கம் ஒதுக்கி, பாராட்டோடு எதிர்ப்பையும் அச்சிட வேண்டும். மாவட்ட மைய நூலகங்கள் படக்கதைகளைச் சிறுவர் பகுதியில் கிழியும்வரை போட்டுவைக்காமல், ஒரு பிரதியையாவது பைண்டு செய்து பாதுகாக்கலாம். நாளிதழ்களின் நூல் மதிப்புரைப் பக்கத்தில் மாதம் ஒரு காமிக்ஸுக்கு இடம் கிடைப்பதால் இலக்கியம் கெட்டுப்போகாது.

அம்மாபேட்டை ரசிகருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஈரோட்டுக்கு ரயில் ஏறுமுன் ‘இயந்திரத் தலை மனிதர்கள்’ புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கட்டும். எந்தப் பக்கத்தில் மூச்சு நின்றது, எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது என்று பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் நீட்டட்டும். மேசையின் மறுபக்கம் சும்மா தலையாட்டிவிட்டுப் போக முடியாது. பதில் சொல்லியாக வேண்டும்.